சேசிஸை முடித்துவிட்டு கியர்பாக்ஸைத் தேடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாகனப் பக்கத்தில் வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது பற்றி வந்த கட்டுரை, பைப் வெட்டுவதையும் வெல்டிங்கையும் நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால் சேசிஸ் என்ற அடிச்சட்டம் முழுதாக முடிந்த பிறகு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரே வரியில் அந்தப் பகுதியைக் கடந்துவிட்டது. கட்டத் தொடங்கிய கார்கள் பட்டறை மூலையில் பாதியில் நின்றுபோவதற்கு அந்த ஒரு வரியே போதும். கியர்பாக்ஸ் கையில் இல்லாமல், அது அடங்கும் நடுக்கூடான டனலின் பைப்புகளை முழு வெல்டிங் செய்யவே கூடாது. ஏன் என்பதை அளவுகளோடு எழுதுகிறேன். கல்லூரி மாணவர்களும் பட்டறைக்காரர்களும் படிக்கும் பக்கம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கட்டுரையில் படம் போட்டிருந்த வகை, 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் காரின் வழியில் வந்தது. 1973-இல் அதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. முன்னால் நீளவாக்கில் எஞ்சின், அதன் பின்னால் கியர்பாக்ஸ், இரண்டு இருக்கைகளுக்கு நடுவே டனல், பின்சக்கர இயக்கம். இங்கிலாந்தில் வீட்டில் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் 25 மி.மீ. சதுர பைப்பை, 1.6 மி.மீ. கனத்தில் எடுத்து இந்தச் சட்டத்தைக் கட்டுகிறார்கள். கியர்பாக்ஸுக்கு அவர்கள் நெடுங்காலமாக நாடிவந்தது 1982-இல் அறிமுகமான ஃபோர்டு சியராவில் இருந்த டைப் 9 என்ற ஐந்து கியர் பெட்டி. கிளட்சை மூடி எஞ்சினோடு பூட்டும் முன் உறையான பெல் ஹவுசிங் தனியாகக் கழன்று வரும் என்பது அதன் பெரிய வசதி. எஞ்சினை மாற்றினால் பெல் ஹவுசிங்கை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

நம் ஊரில் அந்தப் பெட்டி கிடைப்பது அரிது. இங்கே நீளவாக்கில் அமரும் பெட்டி வேண்டுமானால் கண்டெஸா கிளாசிக், அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட். ஆகியவற்றில் வந்த இசுசு ஐந்து கியர் பெட்டி, மாருதி ஜிப்ஸி பெட்டி, மாருதி ஆம்னி பெட்டி என்று சிலவற்றில்தான் போய் நிற்போம். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடுகிறவர்கள் பெட்டியை மட்டும் பேரம் பேசி வாங்கி வந்துவிடுகிறார்கள். அதோடு பெல் ஹவுசிங், கிளட்ச் ஃபோர்க், ஃபோர்க் அமரும் பிவட், இரண்டு வார்ப்புகளும் இடம் பிசகாமல் சேரப் பிடிக்கும் டாவல் பின், ஸ்டார்ட்டர் மோட்டார், பின் மவுண்டிங் ரப்பர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் (பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) முன்முனைக் கவையான யோக் ஆகியவற்றையும் அதே வண்டியிலிருந்து கேட்டு வாங்க வேண்டும். இவற்றைத் தனித்தனியாகத் தேடினால் பெட்டியின் விலையைத் தாண்டிவிடும். யோக் இல்லாமல் வந்த பெட்டிக்கு, அதே பல் எண்ணிக்கையுள்ள யோக்கைத் தேடி அலைவதைப் போன்ற வீண் வேலை வேறில்லை.

ஸ்விஃப்ட் அல்லது எஸ்டீம் கியர்பாக்ஸை இந்தச் சட்டத்தில் வைக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள்ளேயே டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) இருக்கிறது, குறுக்குவாக்கில் அமர்கிறது. ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின் வைக்கும் சட்டத்துக்குத்தான் அது பொருந்தும். செவன் வகைச் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஆம்னி பெட்டியில் வேறொரு சங்கதி. அந்த வண்டியில் எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே இருப்பதால், கியர் லீவர் பெட்டியின் தலையில் இல்லை. கம்பி இணைப்பு வழியாக முன்னால் போய் நிற்கிறது. நீங்கள் கட்டும் காரில் லீவர் பெட்டிக்குப் பின்னால் வர வேண்டும். கம்பியை அப்படியே திருப்பினால் கியர் விழும் திசை மாறிவிட வாய்ப்புண்டு. இடையில் ஒரு திசைமாற்று லீவர் போட வேண்டுமா என்பதை மேசைமேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டனலின் உயரத்தை முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது கியர் விகிதம், அதாவது எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் பெட்டியிலிருந்து ஒரு சுற்று வெளியே வரும் என்பது. நான்கு சிலிண்டர் சியராவில் வந்த டைப் 9 பெட்டியின் விகிதங்கள் 3.65, 1.97, 1.37, 1.00, 0.82. பின்னால் 3.92 டிஃபரன்ஷியல், 185/60 ஆர்13 டயர் என்று வைத்துக்கொள்வோம். டயரின் விட்டம் சுமார் 552 மி.மீ., சுற்றளவு 1.73 மீட்டர். ஐந்தாவது கியரில் 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,100 சுற்று ஓடும். இது நல்ல அளவு. முதல் கியரில் 6,000 சுற்றுக்கே 44 கி.மீ.தான் வரும். அங்கிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால் சுற்று 3,240-க்கு விழுந்துவிடும். ஆயிரத்துச் சொச்சம் கிலோ எடையுள்ள குடும்பக் காரை நிறைந்த சுமையோடு மேட்டில் நகர்த்துவதற்காக வைத்த முதல் கியர் அது. 550 முதல் 600 கிலோ எடையுள்ள காருக்கு அவ்வளவு தாழ்ந்த முதல் கியர் தேவையில்லை. ஆகவே பெட்டியை வாங்கும்போதே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். முதல் கியர் 3-ஐ ஒட்டி இருக்கும் பெட்டி கிடைத்தால் இந்தக் காருக்கு அது மேல். கிடைக்காவிட்டால் டிஃபரன்ஷியலை 3.6 அளவுக்கு மாற்றுவது, பெட்டியைப் பிரித்துப் பல்சக்கரம் மாற்றுவதைவிட மலிவு.

இனி, பெரும்பாலானோர் அளக்காமலே விட்டுவிடும் அளவுக்கு வருகிறேன். கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் முனை, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் உள்ள பைலட் பேரிங்குக்குள் போய் அமர வேண்டும். எஞ்சின் ஒரு வண்டியிலிருந்தும் பெட்டி வேறொரு வண்டியிலிருந்தும் வந்திருந்தால் இது தானாகப் பொருந்தாது. பெல் ஹவுசிங்கின் முகத்தில் ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வையுங்கள். ஷாஃப்ட் முனை அதைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்பதை வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதேபோல் எஞ்சினின் பின்முகத்திலிருந்து பைலட் பேரிங்கின் வாய்வரை ஓர் அளவு, அந்தத் துளையின் அடிவரை இன்னோர் அளவு. முனை பேரிங்கின் முழு அகலத்திலும் அமர வேண்டும்; அதே சமயம் துளையின் அடியைத் தொடாமல் 3 மி.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். தொட்டுக்கொண்டால் போல்ட்டை இறுக்கும்போது கிராங்க் முன்னால் தள்ளப்பட்டு, கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் சில மணி நேரத்திலேயே தேய்ந்துபோகும். எட்டாமல் போனால் ஷாஃப்ட் முனை அந்தரத்தில் ஆடும். கிளட்ச் மிதித்தாலும் கியர் உறுமும், பெட்டியின் முன் பேரிங் சத்தம் போடத் தொடங்கும். பைலட் பேரிங்கையே போடாமல் பூட்டிவிட்டு, கிளட்ச் பிளேட் மேல் பழியைப் போட்டு மூன்று முறை மாற்றுகிறவர்களும் உண்டு.

எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் இடையில் அடாப்டர் பிளேட் போடுவதாக இருந்தால், பிளேட்டின் கனம் எல்லாவற்றையும் பின்னால் தள்ளும் என்பதை மறக்கக் கூடாது. 12 மி.மீ. அலுமினிய பிளேட் போட்டால் ஷாஃப்ட் முனை 12 மி.மீ. பின்வாங்கும். ஸ்டார்ட்டர் பெல் ஹவுசிங்கில் அமர்வதாக இருந்தால் அதுவும் 12 மி.மீ. பின்னால் போய், அதன் பினியன் பல் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரை எட்டாது அல்லது பல்லின் ஓரத்தை மட்டும் கடிக்கும். கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களிலிருந்து அதே அளவு விலகும். ஷாஃப்டுக்கு, தொப்பி வடிவில் நீட்டிய பாஸ்பர் வெண்கல புஷ் ஒன்றை லேத்தில் கடைந்து கிராங்க் துளையில் அடித்தால் தீரும். ஸ்டார்ட்டருக்கு அதன் இருப்பிடத்தைச் செதுக்கி முன்னால் கொண்டுவர வேண்டும். அல்லது நீண்ட மூக்குள்ள ஸ்டார்ட்டர் தேட வேண்டும். பிளேட் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது என்று 6 மி.மீ.-க்கு இறங்குவதும் சரியில்லை. புதைத்து வைக்கும் போல்ட் தலைக்கும் டாவலுக்கும் பிடிமானம் இருக்காது.

கிளட்ச் பிளேட்டின் நடுப் பல் கியர்பாக்ஸுக்குப் பொருந்த வேண்டும், வெளி விட்டம் எஞ்சினின் பிரஷர் பிளேட்டுக்குப் பொருந்த வேண்டும். டைப் 9 ஷாஃப்டில் 1 அங்குல விட்டத்தில் 23 பல். இரண்டும் சேர்ந்த பிளேட் கடையில் கிடைக்காவிட்டால், கிளட்ச் லைனிங் ஒட்டும் கடையில் ஒரு பிளேட்டின் ஹப்பை மற்றொன்றில் ரிவெட் அடித்துத் தருவார்கள். பூட்டும்போது ஃப்ளைவீல் பக்கம் எது என்று பார்த்துப் போடுங்கள். திருப்பிப் போட்டால் ஹப்பின் மேடு கிராங்க் போல்ட் தலைகளில் உரசும்.

இப்போது நேர்கோடு. இந்த வேலை முழுவதிலும் பொறுமை அதிகம் வேண்டியது இங்கேதான். பெல் ஹவுசிங்கின் நடுத்துளையும் கிராங்கின் அச்சும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பெல் ஹவுசிங்கை மட்டும் எஞ்சினில் பூட்டி, நுண்ணளவு காட்டும் முள் கருவியான டயல் கேஜின் காந்த அடியை ஃப்ளைவீலில் ஒட்ட வையுங்கள். முள் பெல் ஹவுசிங்கின் நடுத்துளையின் உள்சுவரைத் தொட வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கை முன்னாலிருந்து கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். மேல், வலம், கீழ், இடம் என நான்கு இடங்களில் அளவைக் குறியுங்கள். அதிக அளவுக்கும் குறைந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் 0.30 மி.மீ. என்றால் உண்மையான விலகல் அதில் பாதி, அதாவது 0.15 மி.மீ. கேஜ் காட்டும் மொத்த வித்தியாசம் 0.13 மி.மீ.-க்குள் இருந்தால் நிம்மதி. 0.25-ஐத் தாண்டினால் அப்படியே பூட்டக் கூடாது. வேண்டுமென்றே அச்சு விலக்கிக் கடைந்த டாவல் பின் போட்டுத் திருப்பிச் சரிசெய்யலாம். அடாப்டர் பிளேட்டாக இருந்தால் பழைய டாவல் துளையை விட்டுவிட்டு, பிளேட்டைச் சரியான இடத்துக்குத் தட்டி நகர்த்தி இறுக்கி, புதிய இடத்தில் துளையிட்டு ரீமர் ஓட்டி டாவல் போடுவது உறுதியான வழி. முள்ளை முகத்தில் வைத்து இன்னொரு சுற்று சுற்றினால், முகம் சாய்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பெல் ஹவுசிங்கும் பெட்டியும் ஒரே வார்ப்பாக இருந்தால் இந்தச் சோதனைக்குப் பெட்டியைப் பிரித்து, முன் வார்ப்பை மட்டும் காலியாக எஞ்சினில் பூட்ட வேண்டும். எப்படியும் பழைய பெட்டியைப் பிரித்து பேரிங், சின்க்ரோ ரிங், ஆயில் சீல் பார்க்கப்போகிறோம். அந்த நேரத்திலேயே இதையும் முடித்துவிடலாம். எஞ்சின் பிளாக்கில் டாவல் பின் இல்லாமல், போல்ட்டே நடுவில் பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். போல்ட் துளையில் எப்போதுமே தளர்வு உண்டு; இறுக்கும் வேலைதான் அதனுடையது, இடத்தை நிர்ணயிப்பது டாவலின் வேலை. அச்சு விலகி ஓடும் பெட்டி முதல் மாதத்தில் ஒன்றும் சொல்லாது. பிறகு பைலட் பேரிங் போகும், கிளட்ச் பிளேட்டின் ஹப் ஸ்பிரிங் உடையும், ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் தானாக நழுவும்.

கிளட்ச் மிதிப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பெடல் நகர்வு 120 மி.மீ., பெடல் விகிதம் 6-க்கு 1 என்றால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 20 மி.மீ. நகரும். மாஸ்டர் 5/8 அங்குலம், ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் 3/4 அங்குலம் என்றால் ஸ்லேவ் ஏறக்குறைய 14 மி.மீ. நகரும். ஃபோர்க் விகிதம் 1.7 என்றால் ரிலீஸ் பேரிங்குக்கு 8 மி.மீ. கிடைக்கும். சாதாரண டயஃப்ரம் பிரஷர் பிளேட்டுக்கு இது போதுமானது. கணக்கு 5-க்கு இறங்கினால் கியர் விழ மறுக்கும். 11, 12-க்குப் போனால் விரல்கள் அளவுக்கு மீறி அமுங்கி டயஃப்ரம் பிளக்கும். பெடலுக்கு முன்னால் ஒரு ஸ்டாப் போல்ட் வைத்து நிறுத்துங்கள். ஷாஃப்டைச் சுற்றியே அமரும் வட்ட வகை ஸ்லேவ் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளட்ச் பிளேட் தேயத் தேய விரல்கள் பின்னால், பெட்டியை நோக்கி வரும். புதிதாகப் பூட்டும்போதே ஸ்லேவ் முழுதாக உள்வாங்கிய நிலையில் விரல்களுக்கும் பேரிங்குக்கும் இடையில் 3 மி.மீ. விட்டுவைக்காவிட்டால், பிளேட் பாதி தேய்ந்ததும் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். அதைச் சரிசெய்யப் பெட்டியை மறுபடியும் இறக்குவதைத் தவிர வழியில்லை.

டனலுக்கு வருவோம். உள்ளுறுப்புகளை எடுத்துவிட்ட காலிப் பெட்டியை, பெல் ஹவுசிங்கோடும் காலி எஞ்சின் பிளாக்கோடும் சேர்த்துப் பூட்டி, டேக் (பொட்டு வெல்டிங்) மட்டும் வைத்த சட்டத்துக்குள் மரக்கட்டைகளின் மேல் நிறுத்துங்கள். முழுப் பெட்டி முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அளக்க முடியாது. சுற்றிலும் பைப்புக்கும் வார்ப்புக்கும் நடுவே 25 மி.மீ. இருக்க வேண்டும். எஞ்சின் ரப்பரில் நிற்பது. முதல் கியரில் முழுக்க மிதித்தால் அது புரளும். 150 நியூட்டன் மீட்டர் எஞ்சின், 3.65 முதல் கியர் என்றால் மவுண்டிங்குகள் தாங்க வேண்டியது 547 நியூட்டன் மீட்டர். இரண்டு எஞ்சின் மவுண்டிங்கும் 500 மி.மீ. இடைவெளியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 110 கிலோ அளவுக்கு ஒரு பக்கம் தூக்கும், மறுபக்கம் அமுக்கும். 5 மி.மீ. இடைவெளி விட்டவர்களுக்கு ஒவ்வொரு புறப்பாட்டிலும் டங்கென்று சத்தம் கேட்பது இதனால்தான்.

பெரும்பாலும் இடிப்பது பெட்டியல்ல, ஸ்டார்ட்டர் மோட்டார். அது எந்தப் பக்கம் புடைத்திருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கால்வைக்கும் இடம் குறுகும். ஓட்டுநர் பக்கமாக இருந்தால் மூன்று பெடலுக்கும் இடம் போதாமல் போகலாம். அடுத்தது ஸ்பேனர் போகும் வழி. பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளுக்கு நீண்ட எக்ஸ்டென்ஷனோடு ராட்செட் உள்ளே போகிறதா என்று இப்போதே போட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றும் பிளக்குக்கு நேராகப் பக்கத் தகட்டில் 50 மி.மீ. துளை இட்டு ரப்பர் மூடி போடுங்கள். இல்லாவிட்டால் ஆயில் அளவு பார்ப்பதற்கே டனலைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

இந்த வகைக் காரில் எஞ்சினும் பெட்டியும் சேர்ந்து ஒரே உருப்படியாக, வால் கீழாகச் சாய்ந்து முன்னாலிருந்துதான் இறங்கும். அதே வழியில் வெளியே வரவும் வேண்டும். டனலின் மேல் மூலைவிட்ட பைப் குறுக்கே நின்றால் அதை அறுத்து எறிந்துவிடாதீர்கள். சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்திருப்பதில் அதற்குப் பங்குண்டு. இரு முனையிலும் 3 மி.மீ. தகடு வைத்து, போல்ட்டில் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள்.

பின் மவுண்டிங்குக்கான குறுக்குச் சட்டத்தையும் வெல்டிங் செய்யாமல் போல்ட்டில்தான் பிடிக்க வேண்டும். 1.6 மி.மீ. பைப்பில் நேரடியாகத் துளையிட்டு எம்10 போல்ட்டை இறுக்கினால் பைப் நசுங்கும். நசுங்கிய பைப்பில் போல்ட் ஒருநாளும் இறுக்கமாக நிற்காது. பைப்புக்குள் குறுக்கே ஒரு ஸ்லீவ் நுழைத்து, இருபுறமும் வெல்டிங் வைத்து, அந்த ஸ்லீவ் வழியாக போல்ட் போக வேண்டும். மவுண்டிங் மொத்தம் மூன்று: எஞ்சினுக்கு இரண்டு, பெட்டியின் வாலுக்கு ஒன்று, மூன்றிலும் ரப்பர். உறுதிக்கு என்று பெட்டியின் இரு பக்கமும் இரும்போடு இரும்பாகப் பூட்டினால், சட்டம் வளைவில் முறுக்கும்போது அந்த முறுக்கைப் பெல் ஹவுசிங் வாங்கிக்கொள்ளும். அதன் காதுகள் உடையும்.

பெட்டியின் சாய்வு வெறும் அழகுக்கான சங்கதி இல்லை. வால் பக்கம் 3 பாகை அளவுக்குத் தாழ்ந்திருப்பது வழக்கம். போனட் உயரத்துக்காகவோ தரை இடைவெளிக்காகவோ இதை 6, 7 பாகைக்குக் கொண்டுபோனால் ஆயில் வாலுக்கு ஓடிவிடும், முன் பேரிங் காயும். முன்பக்கம் தாழ்ந்தால் வால் புஷ்ஷும், அங்கே ஐந்தாவது கியர் இருக்கும் பெட்டியில் அந்தப் பல்லும் காயும். பெட்டி அது வந்த வண்டியில் எந்தச் சாய்வில் இருந்ததோ அதையே வைத்துக்கொள்வது நல்லது.

அந்தச் சாய்வுதான் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தையும் தீர்மானிக்கிறது. ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது வெளியேறும் வேகம் ஒரே சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். 3 பாகையில் இந்த ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம்தான்; 10 பாகையில் 1.5 சதவீதம். முன் ஜாயின்ட் செய்யும் கோளாறைப் பின் ஜாயின்ட் சமன்செய்ய வேண்டுமானால், பெட்டியின் அச்சும் டிஃபரன்ஷியல் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஷாஃப்டை வெட்டிச் சுருக்கி வெல்டிங் செய்யும் கடையில் இந்த இரண்டாவதைத் தவறவிட்டு வரும் ஷாஃப்டுகள் நிறைய. பெட்டி 3 பாகை தாழ்ந்தும் பினியன் மட்டத்திலும் இருந்தால், மேலே சொன்ன டயரில் 100 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3,770 சுற்று சுற்றும். நொடிக்கு 125 அதிர்வு இருக்கையில் ஏறும். சக்கரம் பேலன்ஸ் செய்தாலும் அது போகாது.

செவன் வகையில் ஷாஃப்ட் மிகக் குட்டை. ஜாயின்டுக்கு ஜாயின்ட் 600 மி.மீ. என்றால் 30 மி.மீ. உயர வித்தியாசமே 2.9 பாகை ஆகிவிடும். பக்கவாட்டில் விலகலும் இருந்தால் அதுவும் சேரும். பின் ஆக்ஸில், டிஃபரன்ஷியலும் சக்கரங்களோடு சேர்ந்து ஏறி இறங்கும் நேரடி வகையாக இருந்தால், சஸ்பென்ஷன் 50 மி.மீ. அமுங்கும்போது இன்னும் 4.8 பாகை கூடலாம். ஆகவே ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலை மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் ஜாக்கியால் கொண்டுபோய், இரண்டு நிலையிலும் கோணம் பாருங்கள். கோணமே இல்லாமல் நேர்கோட்டில் வைப்பதும் தவறு. ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழும். 1 முதல் 3 பாகைக்குள் நிறுத்துங்கள். நழுவும் யோக்கைக் கடைசிவரை உள்ளே தள்ளி, அங்கிருந்து 20 மி.மீ. வெளியே இழுத்த நிலையில் ஷாஃப்டின் நீளத்தை அளந்து கொடுக்க வேண்டும்.

ஷாஃப்ட் ஓட்டுநரின் இடுப்புக்குப் பக்கத்தில் சுற்றுகிறது. முன் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் டனலைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும். முன் ஜாயின்டுக்கு ஒட்டினாற்போல் 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையை வளையமாக வளைத்து சட்டத்தில் போல்ட் செய்யுங்கள். கட்டுரையில் அச்சிட்டிருந்த படத்தில் இந்த வளையம் இல்லை. இதை ஆசிரியர் குழு கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பெட்டியை எஞ்சினோடு சேர்க்கும் வேலை, அவசரத்தில் பிளேட்டைக் கெடுக்கும் வேலை. தலையை அறுத்த எம்10 நீள போல்ட் இரண்டை, 150 மி.மீ. நீளத்தில், பிளாக்கின் எதிரெதிர் துளைகளில் கையால் திருகி வழிகாட்டிக் கம்பிகளாக வையுங்கள். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தும் கட்டை போட்டு பிரஷர் பிளேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிராக இறுக்குங்கள். பெட்டியை அந்தக் கம்பிகளில் ஏற்றித் தள்ளும்போது, வேறொருவர் கிராங்கை மெதுவாகத் திருப்பினால் பல்லோடு பல் சேர்ந்து உள்ளே போகும். பெட்டியின் எடை இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. ஜாக்கியில் நிற்க வேண்டும். தொங்கவிட்டால் பிளேட்டின் ஹப் வளைந்து, கிளட்ச் ஒருநாளும் சுத்தமாக விடாது. கடைசி 10 மி.மீ. கையால் சேரவில்லை என்றால் நிறுத்துங்கள். போல்ட்டை இறுக்கி இழுக்கவே கூடாது. உள்ளே ஏதோ தட்டுகிறது என்று பொருள். கை பலத்தில் முகம் முகத்தோடு ஒட்டிய பிறகுதான் 8.8 தர எம்10 போல்ட்டுகளுக்கு 40 முதல் 45 நியூட்டன் மீட்டர் இறுக்கம்.

எர்த் ஒயரை இங்கே சொல்லாமல் விட முடியாது. எஞ்சினும் பெட்டியும் ரப்பரில் நிற்பதால் சட்டத்தோடு மின்தொடர்பு இல்லை. பெட்டியின் போல்ட் ஒன்றிலிருந்து சட்டத்துக்குத் தடித்த பின்னல் ஒயர் கொடுக்காவிட்டால், ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ கிளட்ச் கேபிள் வழியாகவோ திரும்பும். கேபிள் சிவந்து உருகும். அதேபோல், பெட்டி சட்டத்தில் இருக்கும்போது வெல்டிங் வைக்க நேர்ந்தால், அதன் எர்த் கிளாம்பை, வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். தூரத்தில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் பொட்டுப்பொட்டாகக் குழி விழலாம்.

ஆயில் பெட்டிக்குரிய கையேட்டில் சொன்னதுதான். கையேடு இல்லாத பழைய பித்தளை சின்க்ரோ பெட்டிக்கு ஜி.எல்.-4 தரம் ஊற்றுங்கள். டிஃபரன்ஷியலுக்கான ஜி.எல்.-5 தரத்தில் உள்ள சேர்மங்கள் பித்தளைக்கு ஆகாது. அதன் வழுக்கலில் சின்க்ரோவும் சரியாகப் பிடிக்காது. பெட்டியின் காற்று வெளியேறும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் ஆயில் சூடாகி வால் சீல் வழியாக வெளியே தள்ளும், நாம் சீலைக் குறைசொல்லிக்கொண்டிருப்போம். லீவரைக் கடைசியில் பொருத்தும்போது, இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்து ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய முன்னோக்கிய கியர்களில் விரல்முட்டி டேஷ்போர்டில் இடிக்காமல் 50 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இங்கிலாந்தில் இப்படிக் கட்டிய காரைத் தனிக் கார் ஒப்புதல் சோதனைக்குக் கொண்டுபோய், தேறினால் சாலையில் ஓட்டலாம். இங்கே பதிவான வண்டியின் அமைப்பை மாற்றுவதையே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. வீட்டில் கட்டிய காரை ஒரு பழைய ஆர்.சி. புத்தகத்தின் பெயரில் ஓட்டலாம் என்று சிலர் சொல்லும் யோசனையை உங்கள் வாசகர்கள் யாரும் கேட்டுவிடக் கூடாது. விபத்து நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களில், அவர்களின் பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு ஓட்டுவதற்காகவே இதைக் கட்ட வேண்டும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் இன்புட் ஷாஃப்ட் அளவெடுக்கும் படம் ஒன்றும், ஷாஃப்ட் வளையத்தின் படம் ஒன்றும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் பகுதியைப் படித்துவிட்டு இந்நேரம் பைப் வாங்கப் போயிருப்பவர்களுக்கு, டனலை டேக்கோடு நிறுத்தி வைக்கும்படி ஒரு குறிப்பாவது இந்த வாரமே போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்